ஸ்டாக்ஹோம் பழைய ஊரில் கைடோடு ஒரு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் போதும், "ஜூன்ல ஸ்டாக்ஹோம் வர்றோம், மூணு நாள் இருப்போம், என்ன பார்க்கலாம்?" என்று செய்தி வரத் தொடங்கிவிடும். உறவினர்கள், பழைய அலுவலக நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்லும் பதில் மாறுவதே இல்லை: முதல் நாள் காலையில் கம்லா ஸ்டானில், அதாவது பழைய ஊரில், ஒரு கைடோடு நடந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். இதைச் சொன்னதும் அடுத்தடுத்து வரும் சந்தேகங்களைத்தான், கேட்டவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன்.

வாக்கிங் டூர்னா என்ன? பஸ்ல உட்கார வைச்சு ஊரைச் சுத்திக் காட்டுவாங்களே, அதுவா?

இல்லை, இதில் வண்டியே கிடையாது. குறித்த நேரத்தில் குறித்த இடத்தில் கைடு நிற்பார். சேர்ந்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஒன்றரை, இரண்டு மணி நேரம் தெருத் தெருவாக நடந்து, அங்கங்கே நிறுத்திப் பேசுவார். ஸ்டாக்ஹோம் 14 தீவுகளில் பரவிய நகரம். அதில் பழைய ஊர் இருப்பது ஒரு சின்னத் தீவில்தான். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சும்மா நடந்தால் கால்மணி நேரம்கூட ஆகாது. அந்தச் சின்ன இடத்துக்குள் 1252 முதலான வரலாறு அடைபட்டுக் கிடக்கிறது. சந்துகளுக்குள் பஸ் நுழைய முடியாது, நடந்துதான் ஆகவேண்டும்.

கூகுள் மேப் இருக்கு, யூட்யூப் இருக்கு. கைடு எதுக்கு?

வழி தெரிந்துகொள்ள என்றால் கைடு வேண்டாம். எதைப் பார்க்கவேண்டும் என்று கண்ணுக்குப் பழக்க ஒருவர் வேண்டும், அதற்குத்தான் கைடு. என் முதல் நடையில் ஒரு கைடு சாதாரண மஞ்சள் சுவர் ஒன்றின் முன் நிறுத்தி, "மேலே பாருங்கள், இரும்பு தெரிகிறதா?" என்றார். சுவரில் கறுப்பாக, கைநீளத்துக்கு, நுனி சுருண்ட இரும்புத் துண்டுகள். உள்ளே இருக்கும் மர உத்தரத்தை வெளிச்சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கொக்கிகளின் முனைகள் அவை. பழைய வீடுகளில் அந்த முனைகள் பூவேலையோடு வளைந்திருக்கும், பிந்தைய காலத்து வீடுகளில் நேரான வெறும் கம்பியாக இருக்கும். அதை வைத்தே வீட்டின் வயதை உத்தேசமாகச் சொல்லிவிடலாம். அன்றிலிருந்து நான் அந்தத் தெருக்களில் அண்ணாந்து பார்க்காமல் நடந்ததில்லை.

இன்னொன்று, ப்ரெஸ்ட்காடன் தெருவும் கோக்பிரிங்கன் சரிவும் சந்திக்கும் மூலை. சுவரின் அடியில் ரூன் என்னும் பழைய வடநாட்டு எழுத்து பொறித்த ஒரு கல் பதிந்திருக்கிறது. மகனின் நினைவாகத் தாயும் தகப்பனும் எழுப்பிய நடுகல் அது. ஊர் உண்டாவதற்கு முந்தைய கல், எங்கிருந்தோ கொண்டுவந்து வீடு கட்டும்போது மூலைக்கல்லாக வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே வண்டிச் சக்கரம் சுவரில் உரசாமல் இருக்க ஒரு பழைய பீரங்கிக் குழலையும் நட்டு வைத்திருக்கிறார்கள். கைடு விரலை நீட்டிக் காட்டாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் இதைக் கடந்து போய்விடுவார்கள்.

'ஃப்ரீ டூர்'னு போட்டிருக்கே, நிஜமாவே இலவசமா?

முன்கூட்டிக் கட்டணம் கிடையாது, அவ்வளவுதான். முடிவில் விரும்பியதைக் கொடுக்கவேண்டும், கைடுக்கு அதுதான் வருமானம். ஸ்வீடனில் உணவகங்களில் டிப்ஸ் கட்டாயமில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது சரிதான், ஆனால் இங்கே அந்தக் கணக்கைக் கொண்டுவராதீர்கள். இரண்டு மணி நேரம் ஒருவர் தொண்டை வறளப் பேசியிருக்கிறார். நான் ஆளுக்கு 150 குரோனா கொடுப்பேன். பிடிக்கவில்லை என்றால் குறைத்துக் கொடுங்கள், ஆனால் கடைசி நிறுத்தத்துக்கு முன்னால் நழுவிப் போகாதீர்கள்.

இலவச நடையின் குறை கூட்டம். ஒருமுறை அத்தையையும் மாமாவையும் அப்படி ஒன்றுக்குக் கூட்டிப் போனேன். நாற்பது பேருக்குமேல் இருந்தார்கள். பின்வரிசையில் நின்ற எங்கள் காதில் பாதிகூட விழவில்லை. மாமா பேசாமல் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். அதிலிருந்து பெரியவர்களோடு போகும்போது கட்டணம் கட்டி, பத்துப் பதினைந்து பேருக்குமேல் சேர்க்காத நடையாகப் பார்த்துப் பதிவு செய்கிறேன். பயிற்சி பெற்றுத் தேர்வு எழுதிய அங்கீகார கைடுகளும் ஊரில் இருக்கிறார்கள். நான்கைந்து பேர் சேர்ந்து வந்தால் அப்படி ஒருவரைத் தனியாக அமர்த்திக்கொள்வது நல்லது. செலவு கூடும், ஆனால் உங்கள் வேகத்துக்கு அவர் நடப்பார்.

கையில எவ்வளவு குரோனா வைச்சுக்கணும்?

ஒன்றும் வேண்டாம். காபிக் கடை முதல் கழிப்பறை வரை அட்டைதான். ரொக்கம் வாங்கமாட்டோம் என்று எழுதியே வைத்திருக்கும் கடைகள் ஏராளம். உள்ளூர்க்காரர்கள் 'ஸ்விஷ்' என்னும் செயலியில் பணம் அனுப்புவார்கள், அதற்கு ஸ்வீடன் வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால் உங்களுக்கு உதவாது. கைடுக்கு அட்டையில் கொடுக்க முடியுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் முடியும்.

பழைய பயணத்தில் மிஞ்சிய தாள்களை உறவினர் கொடுத்தனுப்பினால் ஒருமுறை பாருங்கள். பழைய 100, 500 குரோனா தாள்கள் 2017 ஜூனோடு செல்லாமல் போய்விட்டன.

எந்த மாசம் வரணும்? காலையிலயா, சாயங்காலமா?

மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை நடக்கச் சுகமான காலம். ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் சூரியன் மறையும். டிசம்பரில் மூன்று மணிக்கு முன்பே இருட்டிவிடும், அந்த மாதம் வந்தால் காலை நடையையே பிடியுங்கள். டிசம்பரிலும் ஒரு அழகு உண்டு. ஒவ்வொரு சன்னலிலும் விளக்கு, பெரிய சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் சந்தை, சின்னச் சின்ன சிவப்புக் கடைகள்.

கோடையில் காலை பத்து மணி நடைதான் என் தேர்வு. மதியத்துக்குள் வெஸ்டர்லோங்காடன் என்னும் கடைத்தெருவில் தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் சேர்ந்துவிடும். பத்து மணிக்குத் தொடங்கினால் முடித்துவிட்டு அரண்மனை முற்றத்தில் காவலர் மாறும் நிகழ்ச்சியையும் பார்த்துவிடலாம். கோடையில் வார நாட்களில் 12:15, ஞாயிறன்று 13:15. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: பத்து மணி என்றால் பத்து மணிதான். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

பனிக்காலத்துல வழுக்கி விழுந்துட்டா?

பயம் நியாயமானதுதான். நடைபாதையில் பொடிக் கருங்கல்லைத் தூவுவார்கள், ஆனாலும் சரிவான சந்துகளில் உறைந்த பனி கண்ணாடியாகக் கிடக்கும். 'ப்ரோட்டார்' என்று கேளுங்கள். ஷூவின் மேல் மாட்டிக்கொள்ளும் ரப்பர் பட்டை, அடியில் சின்ன ஆணிகள் இருக்கும். இங்குள்ள பாட்டிகள் அதை மாட்டிக்கொண்டுதான் கடைக்குப் போகிறார்கள்.

காலைப் பார்ப்பதோடு தலைக்கு மேலும் பார்க்கவேண்டும். கூரையில் சேர்ந்த பனியும் கூர்மையான பனிக்கட்டிகளும் வெயில் அடித்ததும் விழும். சுவரில் குச்சியோ பலகையோ சாய்த்து நடைபாதையை மறித்திருந்தால், அந்தக் கூரையிலிருந்து பனி விழலாம் என்று பொருள். தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி. ரெண்டு மணி நேரம் தாங்குவாங்களா?

தூரம் பெரிதில்லை, இரண்டு கிலோமீட்டர் அளவில்தான் வரும். சிரமம் தரை. உருண்டைக் கற்கள் பாவிய தெருக்கள், கல்லுக்குக் கல் பாதம் திரும்பும். மெல்லிய செருப்பில் வந்தால் அரைமணி நேரத்தில் கணுக்கால் நோகும். தடித்த அடியுள்ள ஷூவைப் போட்டு அழைத்து வாருங்கள், ஊன்றுகோல் இருந்தால் வெட்கப்படாமல் எடுத்துவரச் சொல்லுங்கள். நடப்பதைவிட நிற்பதுதான் முட்டியைக் கொல்லும். அதனால் மேலே சொன்ன மாதிரி சிறு குழுவாகவோ தனி கைடாகவோ ஏற்பாடு செய்து, "நிறுத்தும் இடமெல்லாம் உட்கார வசதி உள்ளதாக இருக்கட்டும்" என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சக்கர நாற்காலி என்றால் குறுக்குச் சந்துகள் முடியாது. அரண்மனையைச் சுற்றி, பெரிய சதுக்கம் வரை, பிறகு பக்கத்துத் தீவான ரிட்டர்ஹோல்மன் என்று பாதையை மாற்றிக் கேளுங்கள்.

பசங்களுக்கு போர் அடிக்காதா?

தேடிக் கண்டுபிடிக்க ஒன்று இருந்தால் அடிக்காது. ஃபின்லாந்து தேவாலயத்தின் பின்னால் ஒரு சின்ன முற்றம். அங்கே ஓர் இரும்புப் பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து நிலாவை அண்ணாந்து பார்க்கிறான். லிஸ் எரிக்சன் என்ற சிற்பியின் வேலை, உயரம் 15 சென்டிமீட்டர்தான். எல்லோரும் தடவித் தடவித் தலை பளபளவென்று இருக்கும். காலடியில் யாராவது சில்லறையோ மிட்டாயோ வைத்திருப்பார்கள். குளிர் வந்தால் யாரோ குல்லாயும் கழுத்துத் துணியும் பின்னி மாட்டிவிடுவார்கள். சென்ற மார்கழியில் நான் பார்த்தபோது நீலக் குல்லாய், இரண்டு நாள் கழித்துப் போனால் அது சிவப்பாக மாறியிருந்தது.

அப்புறம் மோர்டன் ட்ரோட்சிக் சந்து. 36 படிகள், மிகக் குறுகிய இடத்தில் அகலம் 90 சென்டிமீட்டர். கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். நூறு ஆண்டுபோல அடைத்து வைத்திருந்து 1945-இல்தான் மறுபடி திறந்தார்கள். தள்ளுவண்டிக் குழந்தையோடு வருபவர்கள் வண்டியை விட்டுவிட்டுத் தூக்கிக்கொள்வது நல்லது. காரணம் மேலே சொன்ன அதே உருண்டைக் கற்கள்.

எங்க இங்கிலீஷ் சுமார்தான். புரியுமா? பெயரெல்லாம் வாயில நுழையலையே?

கைடுகள் எளிய ஆங்கிலத்தில், நிறுத்திப் பேசுவார்கள். பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள், புரியாததைக் கேளுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

பெயர்களுக்கு ஒரு சின்ன உதவி. 'காடன்' என்று முடிந்தால் தெரு, 'கிரெண்ட்' சந்து, 'பிரிங்கன்' சரிவு, 'ப்ரூ' பாலம், 'தோரி' சதுக்கம். எழுத்தைப் பார்த்துப் படித்தால் ஏமாந்துபோவோம். தேவாலயத்தைக் குறிக்கும் சொல் கே எழுத்தில் தொடங்கும், ஆனால் உச்சரிப்பு 'ஷிர்க்கா'. பெரிய சதுக்கத்தின் பெயரை நம்மவர்கள் 'ஸ்டோர்டோர்கெட்' என்று கேட்டு வழி புரியாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 'ஸ்டூர்தோரியெட்' என்று சொன்னால் உடனே கை காட்டுவார்கள்.

அந்தப் பெரிய சதுக்கத்துல ஏதோ படுகொலை நடந்ததாமே?

ஆமாம், இன்று சூடான சாக்லேட் குடிக்கும் அதே ஸ்டூர்தோரியெட்டில்தான். 1520 நவம்பரில் டென்மார்க் அரசர் இரண்டாம் கிறிஸ்டியான் ஸ்வீடனின் அரசராக முடிசூட்டிக்கொண்டார். எதிர்த்தவர்களுக்கு மன்னிப்பு என்று வாக்குக் கொடுத்து மூன்று நாள் விருந்து வைத்தார். விருந்து முடிந்ததும் கோட்டைக் கதவுகள் சாத்தப்பட்டன. மதத் துரோகம் என்று குற்றம் சாட்டி, அடுத்த இரண்டு நாட்களில் பிரபுக்கள், ஆயர்கள், ஊர்ப் பெரியவர்கள் என்று 80-க்கு மேற்பட்டவர்களைச் சதுக்கத்தில் கொன்றார்கள். மதத் துரோகம் என்று சொன்னது ஒரு சூழ்ச்சி. மத விரோதிக்குக் கொடுத்த வாக்கு வாக்கே அல்ல என்று சொல்லிவிடலாம் அல்லவா?

கொல்லப்பட்டவர்களில் ஒருவரின் மகன் குஸ்தாவ் வாசா. அவர் திரட்டிய கிளர்ச்சிதான் டென்மார்க்கின் பிடியை உடைத்தது. 1523 ஜூன் 6-இல் அவரை அரசராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 6 இன்று ஸ்வீடனின் தேசிய நாள். ஒரு நாட்டின் தொடக்கத்தை அந்தக் கற்களின் மேல் நின்று கேட்பதற்காகவே இந்த நடைக்குப் போகலாம் என்பேன்.

கைடு சொல்றதெல்லாம் உண்மையா? நெட்ல வேற மாதிரி இருக்கே?

நல்ல கேள்வி. எல்லாம் உண்மை இல்லை. நல்ல கைடு எது வரலாறு, எது ஊர்க்கதை என்று பிரித்துச் சொல்வார்.

அதே சதுக்கத்தில் 20-ஆம் எண் சிவப்பு வீட்டின் முகப்பில் வெள்ளைக் கற்கள் வரிசையாக இருக்கும். வெட்டப்பட்ட ஒவ்வொரு தலைக்கும் ஒரு கல் என்பார்கள். அந்த முகப்பு 1650 வாக்கில் எழுந்தது. படுகொலைக்கு 130 ஆண்டு பிந்தியது, அலங்காரத்துக்கு வைத்த கற்கள். எதிர்மூலையில் ஒரு வீட்டுச் சுவரில் பீரங்கிக் குண்டு பதிந்திருக்கிறது. குஸ்தாவ் வாசா டென்மார்க் அரசரைக் குறிவைத்துச் சுட்டது என்று கதை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வீட்டில் இருந்த ஒரு வியாபாரி பதித்து வைத்தது அது.

மாறாக, கதை போலத் தோன்றும் சில விஷயங்கள் முழு உண்மை. 1697-இல் பழைய கோட்டை எரிந்தபோது, இறந்து இன்னும் அடக்கம் செய்யப்படாத அரசர் பதினோராம் கார்லின் உடல் உள்ளே இருந்தது. தீக்கு நடுவே அதைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினார்கள். இப்போதுள்ள அரண்மனை அதற்குப் பின் கட்டியது, 1754-இல்தான் அரச குடும்பம் குடிபுகுந்தது.

இது நிஜமான பழைய ஊரா, டூரிஸ்டுக்காக ஜோடிச்சதா?

நிஜமானதுதான், ஆனால் தப்பிப் பிழைத்தது. நூறு ஆண்டுக்கு முன் இது நெரிசலான, பழுதடைந்த ஏழைக் குடியிருப்பு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற திட்டங்களும் இருந்தன. 1930-களில் வீடுகளைப் பழுதுபார்த்துக் காப்பாற்றத் தொடங்கினார்கள். பாலத்துக்கு அந்தப்பக்கம் இருந்த க்ளாரா பகுதிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1950, 60-களில் அதை ஏறக்குறைய முழுக்க இடித்து அலுவலகங்களும் கடைகளும் கட்டினார்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும்போது அந்த வித்தியாசம் கண்ணில் படும்.

இடைக்காலத்துக் கரை எங்கே இருந்தது என்றும் கேளுங்கள். வெஸ்டர்லோங்காடனும் கிழக்கே ஓஸ்டர்லோங்காடனும் அன்று மதிலுக்கு வெளியே, கரையோரமாக ஓடிய பாதைகள். இங்கே நிலம் ஆண்டுக்கு நான்கைந்து மில்லிமீட்டர் உயர்ந்துகொண்டே இருக்கிறது. பனியுகத்துப் பனிப்பாறையின் பாரம் நீங்கியதால் இன்னும் நிமிர்ந்துகொண்டிருக்கும் பூமி. அதோடு மக்கள் கொட்டிய மண்ணும் சேர்ந்து தீவு அகன்றுவிட்டது.

தேவாலயத்துக்குள்ள போவாங்களா? வாசா கப்பல், சிட்டி ஹால்?

பெரும்பாலும் வெளியே நின்றே பேசுவார்கள். பெரிய தேவாலயத்துக்கு நுழைவுச்சீட்டு உண்டு, நடை முடிந்ததும் தனியாகப் போங்கள். உள்ளே 1489-இல் வைத்த, புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் மரச்சிற்பம் இருக்கிறது. டிராகனின் உடம்பில் நிஜமான காட்டுமான் கொம்புகளைச் சொருகியிருக்கிறார்கள், அருகில் போய்ப் பாருங்கள். கடலில் மூழ்கி, பின்னர் மீட்டெடுத்த பழைய போர்க்கப்பலான வாசாவும் சிட்டி ஹாலும் வேறு தீவுகளில் இருப்பவை, வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சாப்பாடு?

கிடைக்கும். 'வெஜெடாரிஸ்க்', 'வீகன்ஸ்க்' என்று கேளுங்கள். முட்டை தவிர்ப்பவர்கள் பன்னைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள், மேலே முட்டை பூசிச் சுடுவது வழக்கம். வார நாட்களில் மதியம் 'தாகன்ஸ்' என்னும் அன்றைய சாப்பாடு வாங்கினால் சாலட், ரொட்டி, காபி எல்லாம் சேர்ந்தே வரும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், ஒரு பாட்டில் போதும்.

அங்க மக்கள் குடியிருக்காங்களாமே? சந்துக்குள்ள போய் போட்டோ எடுக்கலாமா?

சுமார் 3,000 பேர் வாழ்கிறார்கள். தெருவில் எடுக்கலாம். சன்னலுக்குள் எட்டிப் பார்த்து எடுக்காதீர்கள், திறந்திருக்கும் முற்றக் கதவுக்குள் நுழையாதீர்கள், வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள். நல்ல கைடு சந்துக்குள் வந்ததும் குரலைத் தாழ்த்துவார். நாமும் அப்படியே செய்யவேண்டும்.

சர் சி.வி. ராமன் நோபல் வாங்கின இடம் இந்த டூர்ல வருமா?

நேரடியாக வராது. திருச்சியில் பிறந்த ராமன் 1930 டிசம்பர் 10-இல் பரிசு வாங்கியது கச்சேரி மண்டபத்தில். ஹோத்தோரி சந்தைக்கு எதிரே நிற்கும் நீலக் கட்டடம், பழைய ஊரிலிருந்து இருபது நிமிட நடை. விழா இன்றும் அங்கேதான் நடக்கிறது. 1983-இல் சந்திரசேகரும், 2009-இல் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனும் வாங்கியது அங்கேயே. நடையில் வருவது நோபல் அருங்காட்சியகம், ஸ்டூர்தோரியெட்டின் வடக்குப் பக்கம். உள்ளே காபிக் கடை நாற்காலிகளின் அடிப்பகுதியில் பரிசாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். கவிழ்த்துப் பார்க்கலாம்.

டூர் முடிஞ்சதும் மிச்ச நாளை என்ன செய்யறது?

அறைக்குப் போய்த் தூங்குங்கள். பிறகு இரவு எட்டு மணிக்கு அதே பாதையில் கைடு இல்லாமல் ஒருமுறை நடங்கள். கடைகள் மூடி, கூட்டம் போயிருக்கும். இரும்புக் கொக்கிகள், ரூன் கல், வெள்ளைக் கற்கள் எல்லாவற்றையும் இந்த முறை நீங்களே கண்டுபிடித்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டுங்கள்.

கடைசியாகப் பாலம் தாண்டி ரிட்டர்ஹோல்மனுக்குப் போய்விடுங்கள். தண்ணீருக்கு அந்தப்பக்கம் சிட்டி ஹால் கோபுரம் வெயிலில் நிற்கும். இந்தப்பக்கம் அரசர்களை அடக்கம் செய்த தேவாலயம். அதன் கூம்பு வார்ப்பிரும்பால் வலைபோலப் பின்னியது, ஜூன் இரவில் அந்த ஓட்டைகள் வழியாக வானம் தெரியும். அங்கே கடைசியாக அடக்கமான அரசர் ஐந்தாம் குஸ்தாவ். 1930-இல் ராமனின் கையில் பரிசைக் கொடுத்தவர் அவர்தான்.